நோட்டு எந்தத் தூரத்தில் இருக்கிறது? ஒரு வெள்ளெழுத்து நிகழ்வு ஆய்வு

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய கண் பரிசோதனை மையத்தில் நான் பார்த்த ஒருவரைப் பற்றிய பதிவு இது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு விவரம் எதுவும் இதில் கிடையாது. வந்தது அரிய நோயும் அல்ல, நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். வயதோடு கிட்டத்து எழுத்து மங்குவதுதான் அது, சாளேசரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் வருவது என்பதாலேயே இதை நாம் நின்று அளப்பதில்லை. வயதைக் கேட்கிறோம், ஒரு பவரைச் சொல்கிறோம், அனுப்பிவிடுகிறோம். அந்த அவசரம் இவருக்கு இரண்டு வருஷத்தைத் தின்றிருக்கிறது.

வந்தவர்

அவருக்கு வயது 48. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் பதினோரு வருஷம் ஊக்குநராக இருந்து வரவு செலவு நோட்டையும் தீர்மான நோட்டையும் எழுதியவர். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியதே இந்த தர்மபுரி மாவட்டத்தில்தான். அதனால் இங்கே குழு நோட்டு எழுதுகிற பெண் என்றால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. வங்கிக்குப் போய் வருவது, கடன் தவணைக்குக் கணக்குச் சொல்வது எல்லாம் அவர் கையில்தான்.

அவர் கண் காட்ட வரவில்லை. மாமியாருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, அவரை அழைத்துக்கொண்டு துணைக்கு வந்திருந்தார். உடன் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றை நீட்டினேன். வாங்கியவர் கையை முழுசாக நீட்டிப் பிடித்தார், தலையைப் பின்னால் இழுத்தார், பிறகு எழுந்து வாசற்படிப் பக்கம் போய் வெயிலில் வைத்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க வெளிச்சம் கம்மியா இருக்கு மேடம்" என்றார்.

வெளிச்சம் குறைவாக இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் குழல் விளக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. "அக்கா, உங்க கண்ணையும் ஒரு தடவை பார்த்துரலாமா?" என்றேன்.

"எனக்குக் கண்ணு நல்லாருக்கு மேடம். ரெண்டு வருஷம் முன்ன முகாம்ல பார்த்தாங்க. ஆறுக்கு ஆறுன்னு எழுதிக் குடுத்தாங்க."

அந்தச் சீட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 6/6 என்றுதான் இருந்தது. சுவரில் தொங்குகிற எழுத்து அட்டையை ஆறு மீட்டர் தள்ளி நின்று படித்ததற்கான அளவு அது. மடியில் இருக்கும் நோட்டைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. கையில் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. 'கண் நல்லா இருக்கு' என்று அவரிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் பார்த்தார். ஆனால் கேட்டவர் அதை முழுசாக நம்பிவிட்டார். அதன் பிறகு எழுத்து மங்கும்போதெல்லாம் இது கண் கோளாறு இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று தனக்குத்தானே முடிவு செய்திருக்கிறார்.

பேசப் பேச மற்றவை வந்தன. சாயங்காலம் ஆனால் புருவத்துக்கு மேலே வலி. குழுக் கூட்டம் எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு ஏழு மணிக்கு, ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில். ஒரு முறை வங்கி ரசீதில் 8,300 என்று இருந்ததை 8,800 என்று நோட்டில் ஏற்றிவிட்டார். மாதக் கடைசியில் 500 ரூபாய் இடித்தது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியாமல் சொந்தப் பணத்தைப் போட்டு நேர் செய்தார். வீட்டிலும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, காட்டு வேலை ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லி நோட்டை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் மகன் பேருந்து நிலையத்தில் 150 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கி வந்து கொடுத்திருக்கிறான். நாலு நாள் போட்டார். தலை சுற்றியது, கழுத்து வலித்தது. 'கண்ணாடி நமக்கு ஒத்துக்காது' என்று கழற்றி வைத்துவிட்டார்.

சோதனை

முதலில் பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வெள்ளெழுத்து மெல்ல மெல்ல, இரண்டு கண்ணிலும் சமமாக வரும். திடீரென்று மங்கினாலோ, ஒரு கண் மட்டும் மங்கினாலோ, கோடு வளைந்து தெரிந்தாலோ அது வேறு விஷயம். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. கண் அழுத்தம் இரண்டிலும் 16. விழித்திரை, நரம்பு, லென்ஸ் எல்லாம் தெளிவு. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் ஏறி இறங்கும், அதனால் அதையும் பார்த்தோம். சரியாக இருந்தது. தூரப் பார்வை முகாம் சீட்டில் இருந்தபடியே 6/6.

அடுத்து கிட்டத்து எழுத்து. தமிழ் எழுத்து அட்டையை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தேன். என்10 அளவு எழுத்து வரைதான் படித்தார் (எண் குறையக் குறைய எழுத்து சின்னது). என்8 என்பது ஏறக்குறைய செய்தித்தாள் எழுத்து அளவு, அதில் தடுமாறினார். அட்டையை அவரிடமே கொடுத்தேன். கை தானாக நீண்டது. 60 செ.மீ. போனதும் என்8-ஐச் சரளமாகப் படித்தார். எழுத்து தள்ளிப் போனால் சின்னதாகத்தான் தெரியும், இருந்தும் தள்ளிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. குறை எழுத்தின் அளவில் இல்லை, குவியத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த நீண்ட கையே சாட்சி.

அவரும் பார்க்க வேண்டும் என்பதற்காக இன்னொன்று செய்தேன். மருந்து அட்டைப்பெட்டி ஒன்றில் ஊசியால் ஒரு துளை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை அந்தத் துளையோடு ஒட்டி வைத்துப் படிக்கச் சொன்னேன். அதே 40 செ.மீ. தூரம். கண்ணாடி இல்லை. என்6 வரை, அட்டையின் கடைசி வரி வரை படித்தார். துளை போட்ட அட்டையை எடுத்துவிட்டு ஒரு முறை, வைத்துக்கொண்டு ஒரு முறை என்று நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்த ஓட்டைக்குள்ள என்ன மேடம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

ஒன்றும் வைக்கவில்லை. எழுத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி விரிந்துகொண்டே வருகிறது. கண்ணின் பாவை நாலு மில்லிமீட்டர் திறந்திருந்தால் அந்த அகலத்துக்கு ஒளி உள்ளே போகும். அது விழித்திரையில் ஒரு புள்ளியாகக் கூடாவிட்டால் ஒரு வட்டமாகப் பரவும். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் 3-இன் வாய் மூடிக்கொண்டு 8 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் துளை வழியே பார்த்தால் மெல்லிய கற்றை மட்டும் போகிறது, வட்டம் கால் பங்காகச் சுருங்குகிறது, 3 மறுபடியும் 3 ஆகிறது. வாசற்படியில் வெயிலில் படித்தாரே, அங்கே நடந்ததும் இதுதான். வெயிலில் பாவை தானே சுருங்கி ஊசித் துளை மாதிரி வேலை செய்கிறது. ஏழு மணிக் கூட்டத்தில் ஒற்றைப் பல்பின் கீழே பாவை விரிகிறது, மங்கல் கூடுகிறது. 'சாயங்காலம் ஆனா நரம்பு தளர்ந்துடுது' என்று அவர் நினைத்ததற்குக் காரணம் அந்தப் பல்பு.

ஊசித் துளையில் தெளிவாகப் படிக்க முடிகிறது என்றால் விழித்திரையும் நரம்பும் தம் வேலையைச் செய்கின்றன, குவியம்தான் தவறுகிறது என்று பொருள். இரண்டு வருஷப் பயம் அந்த அட்டைத் துண்டில் தீர்ந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

பிறகு கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் ரெட்டினோஸ்கோப் வைத்துப் பார்த்ததில் ஒரு சின்ன விஷயம் கிடைத்தது. இரண்டு கண்ணிலும் +0.75 இருந்தது. லேசான தூரப்பார்வைக் கோளாறு, அதாவது தூரத்தைப் பார்ப்பதற்கே கண் கொஞ்சம் முயல வேண்டிய நிலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ட்ரையல் ஃப்ரேமில் +0.75 லென்ஸைப் போட்டாலும் அதே 6/6, +1.00 போட்டால் மங்கியது. சின்ன வயதிலிருந்தே இது இருந்திருக்கும். கண் தன் சொந்த முயற்சியில் அதைச் சரிக்கட்டிக்கொண்டே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கண்ணுக்குள் என்ன நடந்தது

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்குப் போதும். ஒரு மீட்டரைத் தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய கூடுதல் பவர் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு 1. ஐம்பது செ.மீ.க்கு 2. நாற்பதுக்கு 2.50. இருபத்தைந்துக்கு 4.

தூரத்துப் பொருளிலிருந்து ஒளி ஏறக்குறைய இணையாக வருகிறது. அதைக் குவிக்கக் கண்ணில் மொத்தம் சுமார் 60 பவர் இருக்கிறது. அதில் 43 வரை முன்பக்கக் கருவிழி தருகிறது, அது மாறாது. மாறக்கூடியது உள்ளே இருக்கும் லென்ஸ் மட்டும். பக்கத்து எழுத்திலிருந்து ஒளி விரிந்து வருவதால் அதைக் கூட்டிக் குவிக்க லென்ஸ் தடிக்க வேண்டும். லென்ஸைச் சுற்றி மெல்லிய நார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன, அவற்றுக்கு வெளியே வளையமாக ஒரு தசை. தசை சுருங்கினால் வளையம் சிறுத்து நார்கள் தளரும். இழுவை விட்டதும் லென்ஸ் தன் இயல்பால் உருண்டு பவர் கூடும். தசை லென்ஸை அமுக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். தசை இழுவையைத் தளர்த்த மட்டுமே செய்கிறது, உருள்வது லென்ஸின் சொந்த மென்மையால்.

அந்த மென்மைதான் வயதோடு போகிறது. லென்ஸ் வாழ்நாள் முழுக்க மேலே மேலே புதுப் படலம் வைத்துக்கொண்டே இருக்கிறது, பழையது எதையும் உதிர்ப்பதில்லை. நடுப்பகுதி இறுகிக்கொண்டே போகும். இளநுங்கை விரலால் அழுத்தி விட்டால் துள்ளிப் பழைய வடிவத்துக்கு வரும், முற்றிய நுங்கு அசையாது. பத்து வயதில் 14 பவர் வரை கூட்டிக்கொள்ள முடிகிற கண் ஐம்பதை நெருங்கும்போது இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது. இவருக்கு அளந்ததில் 2.50 இருந்தது.

இப்போது அந்த +0.75-ஐச் சேர்த்துப் பாருங்கள். கையிருப்பு 2.50. தூரத்தில் மாடு மேய்வதைப் பார்ப்பதற்கே 0.75 செலவாகிவிடுகிறது. மிச்சம் 1.75. அதை வைத்து 57 செ.மீ. வரைதான் கிட்டே வர முடியும். நோட்டு அதற்குள் இருந்தால் மங்கல். ஒரே வயதுள்ள இன்னொரு பெண்ணுக்கு வராத சிரமம் இவருக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே வந்ததற்குக் காரணம் இதுதான்.

அவருடைய ஓரகத்திக்கும் ஏறக்குறைய இதே வயது. பள்ளிக்கூடத்திலிருந்து −2.00 கண்ணாடி போடுகிறவர். அவர் நோட்டு படிக்க உட்கார்ந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழகாகப் படிக்கிறார். '−2.00 கண்' என்றால் எந்த முயற்சியும் இல்லாமலே 50 செ.மீ.யில் குவிந்திருக்கும் கண். நோட்டு இருக்கும் தூரம் அதுவேதான். "சின்ன வயசுல இருந்து கண்ணாடி போட்டவளுக்கு நல்லா தெரியுது, ஆறுக்கு ஆறு இருக்கிற எனக்குத் தெரியலையே மேடம்" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அது ஆறியது.

தரையில் உட்கார்ந்து பார்த்தது

வழக்கமாக இந்த இடத்தில் வேலை முடிந்துவிடும். வயது அட்டவணையைப் பார்த்தால் 48 வயதுக்கு +1.50 சேர்க்கலாம், ஏற்கெனவே உள்ள 0.75-ஐயும் கூட்டினால் +2.25. நாற்காலியில் உட்கார வைத்து 40 செ.மீ.யில் அட்டை பிடித்துக் கணக்கிட்டால் +2.00. கண் தன் கையிருப்பில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், மறு பாதியைச் சேமிப்பில் வைத்திருந்தால்தான் நெடுநேரம் வலியில்லாமல் படிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதன்படி 2.50-ல் பாதி 1.25. வேண்டியது 2.50 கூட்டல் 0.75, அதில் 1.25 போக 2.00.

எழுதிக் கொடுத்துவிட இருந்தேன். அந்தச் சமயத்தில் மகன் வாங்கிய கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் 3.00 என்ற ஒட்டி இன்னும் கிழிபடாமல் இருந்தது. போட்டுக்கொண்டு அட்டையைப் படிக்கச் சொன்னேன். 40 செ.மீ.யில் என்6 வரை படித்தார். அப்படியானால் வீட்டில் ஏன் படிக்க முடியவில்லை? ஏன் கழுத்து வலித்தது?

"நோட்டு எழுதறப்ப எப்படி உக்காருவீங்க அக்கா? அப்படியே உக்காருங்க" என்றேன்.

நாற்காலியை விட்டு எழுந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நோட்டை இடது தொடை மேல் வைத்தார். முதுகு நேராக இருந்தது. பதினோரு வருஷப் பழக்கம் அது. தையல் அளவு நாடாவை எடுத்துக் கண்ணிலிருந்து நோட்டுக்கு அளந்தேன். 48 செ.மீ. இருந்தது.

+3.00 கண்ணாடியைப் போட்டால் அவர் கண்ணுக்கு 44 செ.மீ. தாண்டி எதுவும் தெளிவாகத் தெரியாது. +3.00-ல் 0.75 அவருடைய குறையைச் சரிக்கட்டப் போக மிச்சம் 2.25. அதன் எல்லை 44. நோட்டு அந்த எல்லைக்கு நாலு செ.மீ. வெளியே இருந்திருக்கிறது. எனவே அவர் நோட்டை நோக்கிக் குனிந்திருக்கிறார். நாலு நாள் அப்படி எழுதினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

தலை சுற்றலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கண்ணாடியின் இரண்டு லென்ஸுக்கும் நடு மையங்களை அளந்தேன், 64 மி.மீ. இடைவெளி. அவருக்குக் கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு பாவைக்கும் நடுவே 55 மி.மீ. தான். மையத்தில் பார்க்காமல் உள்பக்க ஓரமாகப் பார்த்தால் லென்ஸ் ஒரு பட்டகம் போலவும் ஒளியை வளைக்கும். ஒன்பது மி.மீ., அதாவது 0.9 செ.மீ. விலகல், மூன்று பவர், பெருக்கினால் 2.7 பிரிசம் (பட்டகம் ஒளியை வளைக்கும் அளவு). எழுத்து ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு கண்ணும் வழக்கத்தைவிட இன்னும் உள்ளே திரும்ப வேண்டும். ஆனால் +3.00 லென்ஸ் குவிக்கும் வேலையை முழுக்கத் தானே எடுத்துக்கொண்டதால், குவிக்கும்போது கண்கள் தானாக உள்ளே திரும்பும் பழக்கமும் தளர்ந்துவிட்டது. ஒரு பக்கம் திரும்பு என்கிறது, மறுபக்கம் வேண்டாம் என்கிறது. அந்த இழுபறிதான் தலைச்சுற்றல். 'கண்ணாடி ஒத்துக்கல' என்று சொல்லி வருகிறவர்களில் பலர் தப்பான பவரை, தப்பான இடைவெளியைச் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம்.

தரையில் உட்கார்ந்தபடியே ட்ரையல் ஃப்ரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தோம். +2.00 போட்டால் 27 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ. வரை தெளிவு. +1.50 போட்டால் 31-லிருந்து 133 வரை. நோட்டுக்கு மட்டும் என்றால் +1.50 போதும். ஆனால் வங்கிப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது 40-க்கு வருகிறது, அங்கே +1.50 கொஞ்சம் திணறுகிறது. நடுவில் +1.75. அதில் 29 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை கிடைக்கிறது. எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நோட்டும் தெரியுது, கை விரலும் தெரியுது, பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கையில இருக்கிற ரூபா நோட்டும் தெரியும்" என்றார். குழுவில் பணம் எண்ணுகிறவருக்கு அது முக்கியம். +1.75 என்று எழுதினேன்.

இந்த லென்ஸ் செய்கிற வேலையை நேராகச் சொல்லலாம். 48 செ.மீ. தள்ளி இருக்கும் எழுத்திலிருந்து ஒளி 2.08 பவர் அளவுக்கு விரிந்து வருகிறது. நடு தடித்த லென்ஸ் அதில் 1.75-ஐக் கூட்டிக்கொடுத்துவிடுகிறது. மிச்சம் 0.33. அதாவது, எழுத்து மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் எழுதியிருந்தால் ஒளி எப்படி வருமோ அப்படி வருகிறது. மூன்று மீட்டரில் பார்ப்பது அவர் கண்ணுக்குச் சுலபம், முகாம் சீட்டே அதற்குச் சாட்சி. கண்ணாடி கண்ணை எதுவும் செய்வதில்லை. தசையைப் பலப்படுத்துவதும் இல்லை, பலவீனப்படுத்துவதும் இல்லை. எழுத்தைக் கண்ணால் எட்ட முடிகிற தூரத்துக்குத் தள்ளி வைக்கிறது, அதே சமயம் கையால் எட்டுகிற இடத்திலேயே நோட்டை விட்டுவைக்கிறது.

இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதல் படிக்கும் கண்ணாடிகள் வந்தன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை வானியலாளர் கெப்ளர் 1604-ல் விளக்கும் வரை முந்நூறு வருஷம் காரணம் தெரியாமலே மனிதர்கள் அவற்றைப் போட்டுப் படித்திருக்கிறார்கள். குவியம் மாறுவது கருவிழியால் இல்லை, உள்ளே உள்ள லென்ஸால்தான் என்று ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் யங் 1801-ல் தன் கண்ணையே தண்ணீரோடு ஒட்டி வைத்து, கருவிழியின் பவரை இல்லாமலாக்கிச் சோதித்துக் காட்டினார். ட்ரையல் ஃப்ரேமைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கொடுத்ததும், கொடுக்காததும்

இரட்டைப் பவர் கண்ணாடி கொடுக்கலாமா என்று யோசித்தேன். மேலே +0.75, கீழே +1.75. அவருக்குத் தூரத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு முன்னால் மூன்று படி, காட்டில் வரப்பு. பழகாதவர் கீழ்ப்பாதி வழியே படியைப் பார்த்தால் அது மேலே எழும்பித் தெரியும், கால் தவறும். அதனால் படிக்க மட்டும் ஒற்றைப் பவர், உயரம் குறைந்த சின்னச் சட்டகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மீட்டருக்கு அப்பால் இந்தக் கண்ணாடியில் லேசாக மங்கும், அது கோளாறு இல்லை, போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். லென்ஸ் மையங்களை 55-க்கு வைத்துச் செய்யச் சொல்லி எழுதினேன். பல்பை முதுகுக்குப் பின்னால் இல்லாமல் இடது தோளுக்கு மேலே வரும்படி மாற்றச் சொன்னேன்.

"போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகும்கிறாங்களே?"

ஏறும். போடாவிட்டாலும் ஏறும். லென்ஸ் இறுகுவது கண்ணாடியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. அறுபதை ஒட்டி அது நிற்கும், அதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்த்தால் போதும். 75 வயதில் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன் என்று சொல்கிற பாட்டிகளும் உண்டு. திடீரென்று அப்படி ஆனால் பெரும்பாலும் அது கண்புரை உள்ளே முற்றி லென்ஸின் பவர் கூடியிருப்பதன் அடையாளம். சந்தோஷப்பட்டு வீட்டில் இருந்துவிடாமல் காட்ட வேண்டும்.

நோட்டு

அடுத்த முறை வரும்போது குழுவின் பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். ஆறு வாரம் கழித்து வந்தார், நோட்டோடு.

அதை நான் ஒரு மருத்துவப் பதிவேடு மாதிரிப் புரட்டினேன். ஆரம்பப் பக்கங்களில் எழுத்து சின்னதாக, கோட்டுக்கு மேல் நேராக, ஒரு வரியில் பெயர், சேமிப்பு, தவணை, வட்டி எல்லாம் அடங்கியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கங்களில் எழுத்து பெரிதாகத் தொடங்குகிறது. பிறகு ஒரு வரி இரண்டு வரியாகிறது. எண்கள் கட்டத்தை விட்டு வெளியே வருகின்றன. பூஜ்யத்தின் மேல் மறுபடி பூஜ்யம் அழுத்திப் போட்டிருக்கிறது, போட்டது தெரியவில்லை என்பதால். கண் பரிசோதனை எதுவும் நடக்காத அந்த மாதங்களில், அவர் பார்வை எப்படிக் குறைந்தது என்பது நீல மையில் வாரா வாரம் பதிவாகியிருக்கிறது. அப்புறம் வேறொரு பெண்ணின் கையெழுத்து வருகிறது.

கடைசி ஐந்து வாரம் மறுபடியும் இவர் கையெழுத்து. எழுத்து கோட்டுக்குள் வந்திருந்தது. அந்த இளம்பெண்ணை விலகச் சொல்லவில்லையாம். கைப்பேசி வேலையும் வங்கி வேலையும் அவள், நோட்டு இவர். தலைவலி முதல் வாரம் இரண்டு நாள் வந்தது, பிறகு இல்லை. பழைய பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்து அந்த 8,300-ஐயும் கண்டுபிடித்திருந்தார். ரசீது அதே பக்கத்தில் ஒட்டியிருந்தது. தன் 500 ரூபாயைக் குழு திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் கம்மியது.

ஒருவருடைய கதையை வைத்து எல்லோருக்கும் பேசக் கூடாது என்பது சரி. ஆனால் இது ஒருவருடைய கதை மட்டும் இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு உடனே கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள், 21.7 சதவீத உயர்வு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அது 31.6 சதவீதம். வங்கதேச கிராமங்களில் 824 பேரிடம் நடந்து 2024-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதத்தில் மற்றவர்களைவிட 33.4 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 அறிக்கையில், கிட்டத்துப் பார்வைக் குறைக்குத் தீர்வு கிடைக்காமல் இருப்பவர்கள் 82.6 கோடி என்று சொல்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் சுவர் அட்டையில் 6/6 வாங்கக்கூடியவர்கள். அதனால்தான் முகாம் நடத்துகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இரண்டு: கையில் ஒரு அட்டையைக் கொடுங்கள், எந்த வேலைக்கு, எப்படி உட்கார்ந்து என்று கேளுங்கள். பேருந்து நிலையக் கண்ணாடியை நான் வெறுக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்து அளந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

புறப்படும்போது அவர் வாசலில் நின்றார். "எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஊசியில நூல் கோக்க மட்டும் இன்னும் வரல. பொண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருக்கு."

ஊசியை எப்படிப் பிடிப்பார் என்று காட்டச் சொன்னேன். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாடா வைத்தேன், 25 செ.மீ. புதுக் கண்ணாடியில் 29-க்குக் கிட்டே வர முடியாது.

"பையன் வாங்கிக் குடுத்த அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கா அக்கா?"

"பீரோ மேல கெடக்கு."

+3.00-ல் அவருக்கு 21 செ.மீ. வரை தெரியும். ஊசி கோர்க்க, ரவிக்கைக்குக் கொக்கி வைக்க, ஐந்து பத்து நிமிஷ வேலைக்கு அது போதும், மைய இடைவெளியும் அந்த நேரத்துக்குள் தொந்தரவு செய்யாது. எடுத்துத் தையல் டப்பாவில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நோட்டுக்கு இது, ஊசிக்கு அது. மறுநாள் காலையில் மகனின் கைப்பேசியிலிருந்து ஒரு படம் வந்தது. கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று, நோட்டு அட்டையில் குத்தி வைத்திருந்தது.